எடுத்த எலும்பு எப்போது திரும்ப வரும்?

கேள்வி

என் தம்பிக்கு 29 வயது, நூல் மில்லில் வேலை. ஒன்பது வாரத்துக்கு முன்னால் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி விழுந்துவிட்டான். ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. 108-இல் ஏற்றும்போது நன்றாகப் பேசியிருக்கிறான். "அக்காகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்கும்" என்றானாம். அரை மணி நேரத்தில் பேச்சு குழறி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நினைவில்லை. அங்கே ஸ்கேன் எடுத்து, ஏதோ ஒரு பாட்டில் மருந்தை வேகமாக ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது பக்கம் மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கிறது என்று விடியற்காலையில் ஆபரேஷன் செய்தார்கள். மண்டை எலும்பில் உள்ளங்கை அகலத்துக்கு எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறான். தொண்டையில் ஓட்டை போட்டு டியூப் இருக்கிறது. கண் திறக்கிறான். சில நேரம் கூப்பிட்ட பக்கம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. பேச்சில்லை. சித்தப்பா சொல்கிறார், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு எலும்பை அப்படியே மூடியிருக்கலாம், வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று. அவருக்கே 1994-இல் லாரி இடித்துத் தலையில் அடிபட்டபோது ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் பிழைத்தாராம். தம்பிக்கு அதை ஏன் போடவில்லை என்று கேட்கிறார். அந்த எலும்பை எப்போது திரும்ப வைப்பார்கள்? தம்பி பழையபடி வருவானா? ஒரு ஊரில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், ஆறு லட்சம் கேட்கிறார்கள். அரை ஏக்கர் இருக்கிறது, விற்கலாமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஈ4 விடி எம்5" என்று எழுதியிருக்கிறது. அது என்ன என்றும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்

அம்மா, நிலத்தைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்காதீர்கள். யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. தலைக்காயத்தால் வெகுநாளாகக் கைகால் விழுந்து கிடப்பவர்களுக்காக ஒரு செல் மருந்துக்கு ஜப்பான் 2024-இல் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்திருக்கிறது. அது ஆபரேஷன் தியேட்டரில் மூளைக்குள்ளேயே குறி பார்த்துச் செலுத்தும் மருந்து. ஒன்பதாவது வாரத்தில் கண் திறந்தும் பேசாமல் இருக்கிற தம்பிக்கானதே இல்லை. நம் ஊரில் முதுகில் ஊசி போட்டு லட்சக்கணக்கில் பில் போடுகிறார்களே, அது வேறு சங்கதி. ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல் இன்னும் சிகிச்சை ஆகவில்லை. பதிவு பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆறு லட்சம் கேட்பவரிடம் "இது ஆராய்ச்சியா, சிகிச்சையா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்தப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்.

இனி எலும்புக்கு வருவோம்.

மண்டை ஓட்டைத் தேங்காய் ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு விரியாது. அடிப்பக்கம் ஒரே ஒரு பெரிய கண், தண்டுவடம் இறங்கிப் போகிற ஓட்டை. உள்ளே மூன்றே சரக்கு: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர். புதிதாக ரத்தக் கட்டி ஒன்று உள்ளே வந்தால் மற்ற மூன்றில் ஏதாவது இடம் விட்டாக வேண்டும். முதலில் நீர் முதுகுப் பக்கமாக இறங்கி இடம் கொடுக்கும். பிறகு சிரை ரத்தம் வெளியே பிதுங்கிப் போகும். அதுவரை ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேசுவார், தண்ணீர் கேட்பார், அக்காகிட்ட சொல்லாதீங்க என்பார். அந்த இரண்டு வழியும் அடைபட்ட பிறகு ஒரு ஸ்பூன் ரத்தம் கூடினாலும் உள்அழுத்தம் விர்ரென்று ஏறிவிடும். மூளை இடம் தேடி அடிக்கண் வழியாக இறங்கப் பார்க்கும். அங்கேதான் மூச்சையும் நினைவையும் நடத்துகிற தண்டு இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நடந்தது இதுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் தெம்பு தந்த வரி அந்தப் பேச்சுதான். சாலையில் விழுந்த நொடியிலேயே மூளை முழுக்கச் சிதைந்திருந்தால் அவரால் அக்காவை நினைத்துக் கவலைப்பட்டிருக்க முடியாது. பெரும்பகுதி சேதம் பின்னால், கட்டியாலும் வீக்கத்தாலும் வந்திருக்கிறது. பின்னால் வருகிற சேதத்தைத்தான் நாங்கள் துரத்திப் பிடிக்கப் பார்க்கிறோம். முதல் அடியை எந்த சர்ஜனாலும் திருப்பி எடுக்க முடியாது.

வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டையே திறந்துவிடலாம் என்பது பழைய யோசனை. தைராய்டு வேலைக்காக 1909-இல் நோபல் பரிசு வாங்கிய சுவிட்சர்லாந்து சர்ஜன் தியோடர் கோக்கர் அதை 1901-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் செய்துகாட்டினார். ஆனால் அந்தக் காலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. மிஷினில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971 அக்டோபரில்தான். அது நம்மிடம் வந்து சேரும்வரை, எந்தப் பக்கக் கண்மணி விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மண்டையில் துளை போட்டுக் கட்டியைத் தேடுவோம். அங்கே இல்லையா, அடுத்த துளை. நான் அப்படிப் போட்டவன்தான். துளை போட்டதும் கறுத்த ரத்தம் தானாகப் பீறிட்டு வந்தால் தியேட்டரில் எல்லாரும் மூச்சு விடுவோம். வராவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

உங்கள் சித்தப்பா சொன்னதில் பாதி சரி. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு வந்தது போன்ற கட்டியில், அதை எடுத்த பிறகு எலும்பைத் திரும்ப வைப்பதா, வெளியே விடுவதா என்று உலகம் முழுக்க சர்ஜன்கள் ஆளுக்கொரு கட்சியாக இருந்தோம். 2023-இல் முடிவு வந்த ஒரு பெரிய ஆய்வில் 450 நோயாளிகள். கட்டியை எடுத்தாகிவிட்டது, எலும்பு சர்ஜனின் கையில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் குலுக்கல் முறையில், சிலருக்குத் திரும்ப வைத்தார்கள், சிலருக்கு எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. எலும்பை வைத்தவர்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடி தலையில் ஆபரேஷன் தேவைப்பட்டது. எடுத்தவர்களில் அது 7. ஆனால் எடுத்தவர்களுக்குப் புண் சீழ்ப்பிடிப்பது போன்ற தொல்லை மூன்று மடங்கு அதிகம்.

அப்படியானால் தம்பிக்கும் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஆய்வில் சேராதவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டியை எடுத்தவுடன் சிலருக்கு மூளை பொங்கி வரும், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, எலும்பின் விளிம்பைத் தாண்டி. அவர்களை ஆய்விலேயே சேர்க்கவில்லை. அவர்களிடம் எலும்பைத் திரும்ப வைக்கப் பார்ப்பது மூளையைக் கையால் நசுக்குவதற்குச் சமம் என்பது எல்லாருக்கும் தெரியும். தம்பியின் மூளை அந்த விடியற்காலையில் எப்படி இருந்தது என்று பார்த்தவர் ஆபரேஷன் செய்தவர் மட்டும்தான். ஆபரேஷன் குறிப்பில் "பிரெய்ன் டென்ஸ்", "பல்ஜிங்" என்று ஒரு வரி இருக்கும். கேட்டால் படித்துக் காட்டுவார்கள். அந்த வரி இருந்தால் சித்தப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இதே ஆபரேஷனைப் பற்றி எங்களுக்குள் இன்னொரு சண்டையும் உண்டு. தம்பி பழையபடி வருவானா என்ற உங்கள் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. கட்டி இல்லாமல் மூளை வீக்கம் மட்டும் இருந்து, மருந்துக்கு அடங்காவிட்டால் எலும்பை எடுப்பது நல்லதா? 2011-இல் ஆஸ்திரேலியர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் 155 பேர். அழுத்தம் லேசாக ஏறியவுடனேயே, நெற்றியின் இரண்டு பக்கமும் திறந்தார்கள். அழுத்தம் அழகாக இறங்கியது. ஐ.சி.யூ. நாட்கள் குறைந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், எலும்பு எடுத்தவர்களில் 100-க்கு 70 பேர் மோசமான நிலையில் இருந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் அது 51. மானிட்டரில் நம்பர் சரியானால் ஆளும் சரியாவார் என்று நம்பிக்கொண்டிருந்த எங்களுக்கு அது நல்ல சூடு.

பிறகு 2016-இல் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொன்று. 408 பேர். இங்கே அவசரப்படவில்லை. எல்லா மருந்தும் கொடுத்து, அழுத்தம் 25-க்கு மேலேயே நின்றவர்களுக்கு மட்டும், கடைசி ஆயுதமாகச் செய்தார்கள். ஆறாவது மாதத்தில் மருந்துப் பக்கம் 100-க்கு 49 பேர் இறந்திருந்தார்கள். எலும்பு எடுத்த பக்கம் 27. அதாவது 100 பேருக்குச் செய்தால் கூடுதலாக 22 உயிர்.

பத்திரிகைச் செய்திகள் இந்த இடத்தில் நின்றுவிட்டன. அந்த 22 பேர் எப்படி இருந்தார்கள் என்று ஆய்வாளர்களே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 6 பேர் கண் திறந்தும் சுயநினைவில்லாமல். 8 பேர் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை நம்பி. மீதி 8 பேர் வீட்டுக்குள்ளாவது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவிலோ அதற்கு மேலோ. ஆக, இந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றுகிறது. என்ன மாதிரி உயிர் என்பதை ஆபரேஷன் அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு கன்சென்ட் ஃபார்மை நீட்டுகிற டியூட்டி டாக்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் "உயிருக்கு ஆபத்து, கையெழுத்துப் போடுங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் கையெழுத்து வாங்கினேன்.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த ஒரு தகவல் உண்டு. ஆறாவது மாதத்தில் இருந்த நிலை பன்னிரண்டாவது மாதத்தில் இல்லை. வீட்டுக்குள் தன் வேலையைத் தானே பார்ப்பவர்கள் ஒரு வருஷத்தில் ஆபரேஷன் பக்கம் 100-க்கு 45 பேர், மருந்துப் பக்கம் 32 பேர். இரண்டு வருஷம்வரை தொடர்ந்து பார்த்தபோதும் எலும்பு எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கு ஆகியிருப்பது ஒன்பது வாரம். இப்போது யாராவது "இவ்வளவுதான், இனி இப்படியே" என்று சொன்னால் நம்பாதீர்கள். "முழுசா பழையபடி ஆயிடுவார்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஸ்டீராய்டு. சித்தப்பா பொய் சொல்லவில்லை, 1994-இல் போட்டிருப்பார்கள். தலையில் அடி என்று வந்த எல்லாருக்கும் டெக்ஸாமெத்தசோன் போட்டோம். மூளையில் வளர்கிற டியூமருக்கு அது வீக்கத்தைக் குறைக்கிறது, அடிபட்ட வீக்கத்துக்கும் குறைக்கும் என்பது எங்கள் கணக்கு. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. கேஸ் ஷீட்டில் என் கையெழுத்திலேயே எத்தனை முறை அதை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு லண்டனிலிருந்து பல நாடுகளைச் சேர்த்து ஒரு பிரம்மாண்ட சோதனை. 20,000 பேரைச் சேர்ப்பதாக இருந்தது. 10,008 பேரோடு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2004-இல் முடிவு வெளியானது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். 100 பேருக்கு 3 பேர் கூடுதலாக, நாங்கள் நல்லது என்று நினைத்துப் போட்ட ஊசியால். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் வார்டுக்குப் போகவில்லை.

உங்கள் சித்தப்பா பிழைத்தது ஸ்டீராய்டால் அல்ல, ஸ்டீராய்டையும் மீறி. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், வீட்டில் வீண் தகராறு. ஆனால் முதல் ஆஸ்பத்திரியில் அதைப் போடாமல் விட்டது தப்பல்ல, சரி. வேகமாக ஏற்றினார்களே ஒரு பாட்டில், அது அனேகமாக மானிட்டால். மூளையிலிருந்து தண்ணீரை இழுத்து, தியேட்டருக்குப் போகும்வரை கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கிற மருந்து. கூடவே டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசியும் போட்டிருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிற பெண்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான், மலிவானது. 29 நாடுகளில் 12,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், லேசான, நடுத்தரக் காயக்காரர்களில் சாவு குறைகிறது. ஏற்கெனவே ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

தலைக்காய ஆராய்ச்சியின் வரலாற்றில் தோற்றுப்போன பட்டியல்தான் நீளம். உடம்பைக் குளிர வைத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிக்கு அற்புதமாக வேலை செய்தது. மனிதர்களிடம் செய்த இரண்டு பெரிய சோதனைகளும் 2014 கடைசியில் ஒரே நேரத்தில் கைவிரித்தன. அதனால்தான் "புதுசா ஒரு ஊசி வந்திருக்கு" என்று யார் சொன்னாலும் என் புருவம் முதலில் உயர்கிறது. வயதின் கோளாறு என்று என் மகளே சொல்கிறாள்.

சரி, "ஈ4 விடி எம்5". கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-இல் தந்த கணக்கு. ஈ என்பது கண். தானாகத் திறந்தால் 4, முழு மார்க். வி என்பது பேச்சு. தொண்டையில் டியூப் இருப்பதால் மார்க் போட முடியாது, அதற்குத்தான் "டி". எம் என்பது அசைவு. 5 என்றால் வலிக்கிற இடத்துக்குக் கை தேடி வருகிறது. கிள்ளினால் கையைத் தட்டிவிடுகிறார் இல்லையா, அதுதான். 6 என்றால் சொன்னதைச் செய்கிறார். தம்பி அந்தக் கடைசிப் படிக்கட்டுக்கு ஒரு படி கீழே நிற்கிறார். அடுத்த சில மாதங்களில் வீட்டில் எல்லாரும் கண் வைக்க வேண்டிய நம்பர் இந்த ஒன்றுதான்.

அவர் ஏற்கெனவே அந்தப் படியில் ஏறியிருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், சொன்னது எதையும் செய்யாத 241 நோயாளிகளிடம் "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்", "கையைத் திறந்து மூடு" என்றெல்லாம் சொல்லிவிட்டு, மூளையை ஸ்கேனிலும் மின்வரைவிலும் பார்த்தார்கள். 60 பேருடைய மூளை சொன்னதைக் கேட்டு வேலை செய்தது. நாலில் ஒருவர். வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை. இந்தச் சோதனை இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம்தான், உங்கள் ஊரில் கிடைக்காது, அதைத் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் அவர் படுத்திருக்கிற அறையில் நிலத்தை விற்பது பற்றியும், இனி கல்யாணம் எங்கே என்பது பற்றியும் பேசுகிறீர்களே, அந்தப் பேச்சைத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள்.

மருந்தில் ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அமன்டடின். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பழைய மாத்திரை. அடிபட்டு 4 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் இருந்த, தம்பியைப் போன்ற 184 பேரிடம் சோதித்து 2012-இல் முடிவு சொன்னார்கள். நாலு வாரம் கொடுத்தவரை, கொடுக்காதவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். நிறுத்தியதும் வேகம் குறைந்தது. அற்புதம் எதுவும் இல்லை, ஒரு சின்ன தள்ளுவிசை. ஃபிட்ஸ் வந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், அதனால் மெடிக்கலில் நேராகப் போய் வாங்காதீர்கள். உங்களுக்கு அந்த 16 வாரம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

ஃபிட்ஸ் என்றதும் நினைவு வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஃபெனிடாயின் எழுதியிருப்பார்கள், வீட்டுக்காரர்கள் அதை வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 1990-இல் 404 பேரிடம் பார்த்தாகிவிட்டது: அந்த மருந்து முதல் ஏழு நாள் ஃபிட்ஸைத் தடுக்கிறது, பிறகு வருவதைத் தடுப்பதில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகும் தம்பிக்கு வெட்டி இழுத்திருந்தால் அது வேறு கதை, மாத்திரை வேண்டும். ஒருமுறைகூட வரவில்லை என்றால் நிறுத்தலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக வயிற்றில் இருக்கிற எலும்பு. அதை அங்கே வைத்தது பத்திரத்துக்குத்தான். உடம்பின் சொந்தச் சூட்டில், சொந்த ரத்தத்தில் இருக்கும், குளிர்பெட்டியும் கரண்ட்டும் வேண்டாம், ஆள் மாறிப் போகாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மைனஸ் டிகிரியில் உறைய வைப்பதும் உண்டு. தம்பியின் தலைக்கட்டில் "நோ போன்" என்று மார்க்கரில் எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். திருப்பிப் படுக்க வைப்பவர்கள் அந்தப் பக்கம் அழுத்திவிடக் கூடாது என்பதற்காக. இருமும்போது அந்த இடம் புடைக்கும், உட்கார வைத்தால் குழி விழும். பயப்படாதீர்கள், தோலுக்கு அடியில் ஒரு உறை தைத்திருப்பார்கள். ஆனால் அங்கே எலும்பு இல்லை என்பது நிஜம். உட்கார வைக்கும்போதும் நாற்காலிக்கு மாற்றும்போதும் தலையில் ஒரு ஹெல்மெட் போடுங்கள். இப்போதாவது.

வீக்கம் வடிந்து, காய்ச்சலும் சீழும் இல்லாமல், தோல் ஆறியிருந்தால் பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்ப வைப்பார்கள். ரொம்பத் தள்ளிப் போட்டால் வயிற்றிலேயே எலும்பு கரையத் தொடங்கும், இளம் வயதில் கூடுதலாக. கரைந்துவிட்டால் டைட்டானியம் வலையோ, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தகடோ வைக்க வேண்டிவரும். அதற்குச் செலவு உண்டு, காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எலும்பை மூடிய பிறகு சிலர் திடீரென்று சுறுசுறுப்பாவதை நானே பார்த்திருக்கிறேன். குழி விழுந்த பக்கம் காற்றழுத்தம் மூளையை அமுக்கிக்கொண்டிருந்தது நீங்கிவிடுகிறது. எல்லாருக்கும் நடக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தவர் மறுபடி மந்தமானாலோ, எலும்பில்லாத இடம் எந்நேரமும் புடைத்துக் கல்லாக நின்றாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு எடுத்தவர்களுக்கு மூளைக்குள் நீர் தேங்குவது சகஜம். ஒரு குழாய் வைத்து வயிற்றுக்கு இறக்கிவிட்டால் சரியாகிவிடும். இதைக் கவனிக்காமல் "தலைவிதி" என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் கொண்டுவந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் செய்ய ஒரு வேலை தருகிறேன். சவரம் செய்யும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் விழித்திருக்கும் நேரத்தில், டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் முகம் அவருக்கே தெரியும்படி ஒரு அடி தூரத்தில் பிடித்து, மெதுவாக இடமிருந்து வலம், வலமிருந்து இடம் நகர்த்துங்கள். கண் தொடர்கிறதா பாருங்கள். விரலையோ டார்ச்சையோ தொடராத கண் சில நேரம் தன் முகத்தைத் தொடரும், அதனால்தான் எங்கள் சோதனைகளிலேயே கண்ணாடி வைத்திருக்கிறோம். பிறகு ஒரே ஒரு கட்டளை, "கட்டை விரலைத் தூக்கு தம்பி". சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். வீட்டுக்காரர்கள் காத்திருப்பதே இல்லை, பதில் வருவதற்குள் நாலு முறை சொல்லிவிடுகிறார்கள். காலை, சாயங்காலம், நாலு நாலு முறை. செய்தாரா, இல்லையா என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். "நேத்து ஏதோ பண்ணினான்" என்று சொல்வதைவிட, எட்டுக்கு மூன்று என்று எழுதிக் காட்டினால் நியூரோ ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அமன்டடினைப் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.